முப்பதே நாளில் எல்லாவற்றையும் பார்த்து, படித்து, கேட்டு முடிப்பது எப்படி?

யாருக்கு இந்தக் கையேடு?

ஒரு வெப் சீரிஸின் பெயரை யாராவது சொன்னதும் “லிஸ்ட்ல இருக்கு, பாக்கணும்” என்று வாய் தானாகச் சொல்கிறதா? தலைமாட்டில் அடுக்கியிருக்கும் புத்தகங்களில் மேலே இருப்பது மட்டும் அவ்வப்போது மாற, அடியில் இருப்பது எதுவென்றே மறந்துவிட்டதா? ‘போனில் இடம் இல்லை’ என்று எச்சரிக்கை வந்தபோது, பிள்ளையின் பிறந்தநாள் படங்களை அழித்துவிட்டுப் படிக்காத பிடிஎஃப்களைக் காப்பாற்றினீர்களா? மூன்றில் இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றால் இந்தக் கையேடு உங்களுக்குத்தான். மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் நேராக ஏழாம் பாடத்துக்குப் போய்விடுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவு அங்கேதான் இருக்கிறது.

பேருந்து நிலையக் கடைகளில் ‘முப்பது நாளில்’ மொழி கற்றுத்தரும் புத்தகங்கள் தொங்கும். வாங்கிப்போனவர்களில் முப்பத்தோராம் நாள் அந்த மொழியில் சரளமாகப் பேசியவரை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் விற்பனை நின்றதில்லை. இன்னும் ஒரு மாதத்தில் நாம் வேறு ஆளாகிவிடுவோம் என்ற நம்பிக்கை அந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காது. அந்த நல்ல மரபைப் பின்பற்றியே இந்தக் கையேடும் எழுதப்பட்டிருக்கிறது.

பாடம் 1: கையிருப்பைக் கணக்கெடுங்கள்

நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் யூடியூப். அந்த நிறுவனமே சொன்ன கணக்குப்படி, நிமிடத்துக்கு 500 மணி நேரத்துக்கும் அதிகமான வீடியோக்கள் அங்கே ஏறுகின்றன. ஒரு நாளைக்கு 7,20,000 மணி நேரம். இதைப் பார்த்து முடிக்க 82 ஆண்டுகள் ஆகும். அதாவது, இன்று ஒரே நாளில் ஏறியதை நீங்கள் பார்த்து முடிக்க வேண்டுமென்றால், தொட்டிலில் கண் திறந்த நிமிடத்திலிருந்து சதாபிஷேகம் தாண்டும் வரை கண்ணை மூடக் கூடாது. நாளைக்கு ஏறுவதை மகன் பார்த்துக்கொள்வான். நாளை மறுநாள் ஏறுவது பேத்தியின் பொறுப்பு. குலத்தொழிலாக எடுத்துச் செய்தால் ஒரு வாரத்துக்கு உரியதை ஏழு தலைமுறையில் முடித்துவிடலாம்.

“எல்லாம் எதற்கு, எனக்குப் பிடித்தது போதும்” என்பீர்கள். நல்லது. நீங்களே கைப்படத் தேர்ந்தெடுத்து ‘பிறகு பார்க்க’ என்று போட்டுவைத்திருக்கும் பட்டியலைத் திறங்கள். அதில் 5,000 வீடியோக்களுக்கு மேல் சேர்க்க யூடியூப் விடாது. மனித குலத்தின் மீது அந்த நிறுவனம் காட்டிய ஒரே கருணை இது. பட்டியல் நிறைந்திருக்கிறது என்றும், வீடியோவுக்குச் சராசரியாகப் பத்து நிமிடம் என்றும் வைத்துக்கொள்வோம். பல் தேய்க்காமல், சாப்பிடாமல், தூங்காமல் பார்த்தால் கிட்டத்தட்ட 35 நாள்.

தலைப்பில் முப்பது நாள் என்று சொல்லியிருக்கிறோம். ஐந்து நாள் இடிக்கிறது. கவலை வேண்டாம், அதற்குத்தான் அடுத்த பாடம்.

பாடம் 2: வேகத்தைக் கூட்டுங்கள்

ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்தால் 35 நாள் வேலை 23 நாளில் முடியும். இரண்டு மடங்கில் வைத்தால் பதினேழரை நாள். பிரச்சினை தீர்ந்தது. மிச்சமிருக்கும் நாட்களில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கத் தேவையில்லை. புதிதாக வந்தவற்றைப் பட்டியலில் சேர்ப்பீர்கள்.

வாட்ஸ்அப் 2021இல் குரல் செய்திகளுக்கும் இந்த வசதியைக் கொண்டுவந்தது. இதனால் குடும்ப உறவுகள் பெரிதும் மேம்பட்டிருக்கின்றன. “அப்பறம்ம்ம்... தம்பி... நல்லாயிருக்கியா...” என்று பெரியப்பா நிதானமாகத் தொடங்கும் ஏழு நிமிடச் செய்தியை இரண்டு மடங்கில் ஓட்டினால், அவர் ஏலக்கடைக்காரர் மாதிரி படபடவென்று பேசி, மூன்றரை நிமிடத்தில் நிலப் பட்டா விஷயத்துக்கு வந்துவிடுவார். பக்கவிளைவு ஒன்று உண்டு. அடுத்த முறை பெரியப்பாவை நேரில் பார்க்கும்போது, அவர் பேசுவது உடம்புக்கு முடியாதவர் பேசுவது போலத் தோன்றும். பயப்பட வேண்டாம். அவர் நன்றாகத்தான் இருக்கிறார்.

மார்கழிக் கச்சேரிகளுக்கும் இதைப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நேரில் போனால் முடியாது. ஒரே மாலையில் மயிலாப்பூரில் ஒன்று, தியாகராய நகரில் ஒன்று, ராயப்பேட்டையில் ஒன்று என்று மூன்று பேர் பாடும்போது எங்கே போவது என்ற சிக்கலுக்குச் சென்னை ரசிகர்கள் எப்போதோ விடை கண்டுவிட்டார்கள்: எங்கே கேண்டீன் நன்றாக இருக்கிறதோ அங்கே போவது. வீட்டில் பதிவாகக் கேட்பவர்கள் மட்டும் வேகத்தைக் கூட்டிப் பார்க்கலாம். நாற்பது நிமிடத் தோடி இருபது நிமிடத்தில் முடியும். விளம்ப காலத்தில் தொடங்கியதைத் துரித காலத்தில் கேட்ட ஒரே தலைமுறை என்ற பெருமையும் நமக்கு வந்துசேரும். ஆலாபனையில் என்ன நடந்தது என்று மட்டும் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடம் 3: வாங்குங்கள், வாங்கினாலே பாதி படித்த கணக்கு

சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் அண்ணா சாலை மதராசா-இ-ஆசம் பள்ளி வளாகத்தில் தொடங்கியது. இன்று ஜனவரிதோறும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் நூற்றுக்கணக்கான அரங்குகள். பத்து சதவீதத் தள்ளுபடி. இந்தத் தள்ளுபடியின் கணிதத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கினால் ஐந்நூறு ரூபாய் மிச்சம். பத்தாயிரத்துக்கு வாங்கினால் ஆயிரம் மிச்சம். எவ்வளவு வாங்குகிறீர்களோ அவ்வளவு மிச்சம். வாங்காமல் வந்தால் ஒரு காசு மிச்சமில்லை. வீட்டில் உள்ளவர்களுக்கு இதை விளக்கும் பொறுப்பு உங்களுடையது.

காட்சி நடக்கும் நாட்களிலேயே போகியும் வரும். பழையன கழிய வேண்டிய நாளில் புதியன மட்டும் இரண்டு கட்டைப் பைகளில் வீட்டுக்குள் வரும். பழைய பாய் போகும், உடைந்த முறம் போகும், போன ஆண்டு வாங்கிய புத்தகங்கள் மட்டும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் அப்படியே இருக்கும்.

வாங்கி வந்ததும் செய்ய வேண்டியது: எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, முதுகுப் பெயர்கள் தெரியும்படி ஒரு படம் எடுத்து, ‘இந்த ஆண்டு அறுவடை’ என்று பேஸ்புக்கில் போடுவது. இருநூறு விருப்பக்குறிகள் வரும். “நல்ல தேர்வு தோழர்” என்று நாலு பேர் எழுதுவார்கள். ஒரு புத்தகம் தரக்கூடிய கௌரவத்தில் பெரும்பங்கு இத்துடன் கிடைத்துவிட்டது. மீதமிருப்பது உள்ளடக்கம் மட்டுமே. அதற்கு அவசரமில்லை.

பெரிய நூல்களுக்குத் தனிக் குறிப்பு. 2022இல் ‘பொன்னியின் செல்வன்’ படம் வருகிறது என்றதும், “பாக்கறதுக்கு முன்னாடி படிச்சிடணும்” என்று ஐந்து பாகங்களையும் மொத்தமாக வாங்கியவர்கள் உண்டு. படம் வந்தது. 2023இல் இரண்டாம் பாகமும் வந்தது. வந்தியத்தேவன் மட்டும் அந்த வீடுகளில் இன்னும் ஆடிப்பெருக்கு மாலையில் வீரநாராயண ஏரிக்கரையிலேயே குதிரையில் உட்கார்ந்திருக்கிறான். அந்த நாவல் 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வாரா வாரம் வந்தது. அடுத்த அத்தியாயம் வேண்டுமென்றால் அடுத்த வாரம் வரை காத்திருந்தே ஆக வேண்டும். வாசகருக்கு ஓய்வு கொடுக்கும் வேலையை அச்சகமே பார்த்துக்கொண்டது.

அடுத்து ‘வெண்முரசு’. ஜெயமோகன் 2014 தொடங்கி 2020 வரை நாள்தோறும் இணையத்தில் எழுதி, 26 நாவல்களாக முடித்தார். அவர் எழுதிய வேகத்தில் நீங்கள் படித்தாலே ஆறரை ஆண்டு ஆகும். ஆகவே முதல் நாவலை வாங்கும்போதே 26க்கும் அலமாரியில் இடம் விட்டு வையுங்கள். இடம் ஒதுக்குவதுதான் முதல் படி. பெரும்பாலோருக்கு அதுவே கடைசிப் படியும்.

பாடம் 4: குடும்பக் குழுவில் உயிரோடு இருப்பது

ஒரு வாட்ஸ்அப் குழுவில் இப்போது 1,024 பேர் வரை இருக்கலாம். நம் குடும்பக் குழுவில் நாற்பது பேர்தான். ஆனால் அதிலிருந்து வரும் செய்திகளைப் பார்த்தால் ஆயிரம் பேர் இருப்பது போலத்தான் தெரியும். அதிகாலை ஐந்து மணிக்கு ரோஜாப்பூவோடு காலை வணக்கம். ஐந்தரைக்கு வெந்தயத்தின் மகிமை. ஆறு மணிக்கு, நாளை முதல் நாடெங்கும் அமலாகப்போகும், எந்த அரசுக்கும் இதுவரை தெரியாத ஒரு புதிய சட்டம்.

நிறுவனமும் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தது. 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு வைத்தார்கள். 2020இல், ஏற்கெனவே பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று இறுக்கினார்கள். அவர்கள் நம் சித்தப்பாக்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள். பணி ஓய்வு பெற்ற ஒருவரிடம், ஒவ்வொருவருக்காகத் தனித்தனியே அனுப்ப வேண்டும் என்று சொல்வது தண்டனையே அல்ல. அது ஒரு காலை நேர வேலைத்திட்டம்.

குழுவை மௌனமாக்க மூன்று வாய்ப்புகள் உண்டு: எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும். அனுபவசாலிகள் ‘எப்போதும்’ என்பதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் முற்றிலும் காணாமல் போகக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள், எந்தச் செய்தி என்று பார்க்காமல், கூப்பிய கைகள் ஒன்றைப் போடுங்கள். பிறந்தநாள், பேரன் பிறப்பு, முதல் மதிப்பெண், கோயில் கும்பாபிஷேகம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். இரங்கல் செய்திக்கும் பொருந்தும். சிரிக்கும் முகத்தைத் தவறியும் பார்க்காமல் போடக் கூடாது. அதனால் பங்காளி வீட்டில் பேச்சுவார்த்தை முறிந்த வரலாறுகள் உண்டு.

பாடம் 5: எதைப் பார்ப்பது என்று முடிவெடுப்பது

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. பல ஆண்டுகளுக்கு ஒரே அலைவரிசை. வெள்ளிக்கிழமை இரவு ‘ஒலியும் ஒளியும்’ என்றால் தெருவே அதைப் பார்த்தது. ‘என்ன பார்க்கலாம்’ என்ற கேள்வியே இல்லை. ‘யார் வீட்டில் பார்க்கலாம்’ என்பதுதான் கேள்வி. ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியைப் பார்த்த, வயல் இல்லாதவர்கள் எத்தனையோ பேர்.

இன்று ஐந்து ஓடிடிகளுக்குச் சந்தா கட்டியிருக்கும் வீட்டில் இரவு ஒன்பது மணிக் காட்சியைக் கவனியுங்கள். சாப்பாட்டுத் தட்டோடு குடும்பம் உட்கார்கிறது. அப்பாவுக்குத் துப்பறியும் கதை வேண்டும். அம்மாவுக்கு ரத்தம் கூடாது. மகளுக்குக் கொரியத் தொடர். மகனுக்கு எது வேண்டுமென்று தெரியாது, இவை எதுவும் வேண்டாமென்று தெரியும். ஒவ்வொன்றின் முன்னோட்டத்தையும் பார்க்கிறார்கள். ‘இது ஸ்லோவாம்’, ‘இதுக்கு ரேட்டிங் கம்மி’, ‘இத மாமா பாதியிலயே நிறுத்திட்டாராம்’. முக்கால் மணி நேரம் போகிறது. தட்டு காய்ந்துவிட்டது. கடைசியில் எல்லாரும் சேர்ந்து, ஏற்கெனவே மனப்பாடமான வடிவேலு காமெடியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் படுக்கப் போகிறார்கள். கையேட்டின் கருத்து: இந்தக் குடும்பம் செய்தது முற்றிலும் சரி. முக்கால் மணி நேரத்தை மட்டும் விட்டுவிட்டு நேராக வடிவேலுவிடம் போயிருக்கலாம்.

தனியாகப் பார்ப்பவர்களுக்கு வேறு ஆபத்து. ஒரு எபிசோட் முடிந்ததும் அடுத்தது தானே ஓடத் தொடங்கும். நிறுத்துவதற்குத்தான் நீங்கள் முயற்சி எடுக்க வேண்டும், தொடர்வதற்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. நெட்ஃபிளிக்ஸின் அப்போதைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், தங்கள் போட்டியாளர்களில் தூக்கமும் ஒன்று என்று 2017இல் வெளிப்படையாகவே சொன்னார். எதிராளி தன் திட்டத்தை இவ்வளவு நேர்மையாக அறிவித்துவிட்டு ஆட வந்தால் நாமும் நேர்மையாகத் தோற்பதுதான் மரியாதை. இரவு இரண்டு மணிக்கு ‘இன்னும் பார்க்கிறீர்களா?’ என்று திரையில் ஒரு கேள்வி வரும். அன்றைக்கு உங்களை அக்கறையாக விசாரித்தது அது ஒன்றாகத்தான் இருக்கும். ‘ஆமாம்’ என்று அழுத்துங்கள்.

பாடம் 6: அஞ்சே நிமிஷம்

ரீல்ஸ் பார்ப்பவர் எவரும் ரீல்ஸ் பார்க்க உட்காருவதில்லை. மின்கட்டணம் கட்ட, ஓடிபி பார்க்க, மணி என்ன என்று பார்க்கத்தான் போனைக் கையில் எடுத்திருப்பார். மீண்டும் நிமிரும்போது, ஒரு ஆட்டுக்குட்டி படியேறியதையும், பஞ்சாபில் ஒருவர் ஐந்நூறு முட்டையில் ஆம்லெட் போட்டதையும், யாரென்றே தெரியாத தம்பதியின் விவாகரத்து பற்றிய இரு தரப்பு நியாயங்களையும் அறிந்தவராக இருப்பார். மின்கட்டணம் கட்டியிருக்க மாட்டார்.

பக்கத்தின் அடி வராமல் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும் இந்த உத்தியை 2006இல் வடிவமைத்தவர் ஏஸா ராஸ்கின். பின்னாளில் அதற்காக வருத்தமும் தெரிவித்தார். பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. படத்துக்கு ‘வணக்கம்’ உண்டு, கச்சேரிக்கு மங்களம் உண்டு. இதற்கு அப்படியொன்று இல்லை. அதனால், எப்போது நிறுத்துவது என்று குழம்புகிறவர்களுக்குக் கையேடு ஒரு அறிவியல் அளவுகோல் தருகிறது: சார்ஜ் ஒரு சதவீதம் ஆகும்போது. சார்ஜர் வயர் கட்டில் வரை எட்டும் வீடுகளில் இந்த முறை பயன்படாது.

இந்திய அரசு 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தபோது, நாட்டின் கட்டைவிரல்களுக்கு ஓய்வு கிடைக்கும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. தடைக்கும் மாற்றுக்கும் இடையே கிடைத்த அந்தச் சில நாட்களை யாராவது புத்தகம் படிக்கப் பயன்படுத்தியிருந்தால், அவரைக் கண்டுபிடித்துப் பாராட்டு விழா எடுக்க வேண்டும்.

பாடம் 7: நாளைய உங்களைச் சந்தியுங்கள்

இதுவரை வந்த ஆறு பாடங்களுக்கும் அடியில் ஓர் ஆள் இருக்கிறார். ‘பிறகு பார்க்க’, ‘பிறகு படிக்க’, ‘சேமி’ என்று நாம் அழுத்துவதெல்லாம் அவருக்காகத்தான். அவர் பெயரும் உங்கள் பெயர்தான். ஆனால் அவர் வேறு ஆள்.

அவர் அதிகாலை நாலரைக்கு எழுகிறார். முழங்கால் வலி இல்லை. காபிக்கு முன் இருபது பக்கம் தல்ஸ்தோய். மாலையில் ஈரானியப் படம், அதுவும் சப்டைட்டில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. கல்யாணிக்கும் சங்கராபரணத்துக்கும் வித்தியாசம் தெரிந்தவர். திருக்குறளை அன்றாடம் ஒன்றாக, 1,330 குறளையும் மூன்றே முக்கால் ஆண்டுக்குள் முடிக்கத் திட்டமிட்டிருப்பவர். நீங்கள் பேருந்தில் ஜன்னலுக்கு மேலே எழுதியிருக்கும் குறளைக்கூட, ஏறும்போது பாதியும் இறங்கும்போது மீதியுமாகப் படிப்பவர். அவர் அப்படியல்ல. அவருக்கு நேரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருவார் என்று நினைத்தீர்கள், வரவில்லை. பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததும் வருவார் என்று நினைத்தீர்கள், வரவில்லை. இப்போது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நிச்சயம் வந்துவிடுவார் என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் தெருவில் ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களைப் போய்ப் பாருங்கள். அவர்களும் தங்கள் முப்பது வயதில், ரிட்டயர்டு ஆனதும் படிக்கலாம் என்று தல்ஸ்தோயை எடுத்து வைத்தவர்கள்தான். இப்போது என்ன செய்கிறார்கள்? இரவு எட்டு மணிக்கு, தொலைக்காட்சி விவாதத்தைத் தெருமுனை வரை கேட்கும் சத்தத்தில் பார்க்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து உங்களுக்கு ரோஜாப்பூ அனுப்புவதும் அவர்களேதான். நாளைய நீங்கள் வந்துவிட்டார். நான்காம் பாடத்திலேயே அவரைச் சந்தித்துவிட்டோம்.

ஆகவே இந்தப் பாடத்துக்கு உரிய பயிற்சி எளிமையானது. எதையாவது சேமிக்கக் கை போகும்போது, யாருக்காக என்று ஒருமுறை கேளுங்கள். இன்று இரவு பார்க்கப்போகிற உங்களுக்காக என்றால் சேமியுங்கள். வரப்போகும் அந்த மகானுக்காக என்றால், அவரே வந்து தேடி எடுத்துக்கொள்ளட்டும். அவருக்குத்தான் நேரம் இருக்கிறதே.

பாடம் 8: கரையானிடம் கற்றுக்கொள்ளுங்கள்

அளவுக்கு மீறிச் சேர்ந்ததைக் குறைக்கும் கலையில் தமிழர்களுக்கு நெடிய அனுபவம் உண்டு. மதுரையில் சங்கப்பலகை இருந்தது. தகுதியில்லாத நூலுக்கு அது இடமே கொடுக்காது என்பது கதை. திருஞானசம்பந்தர் காலத்தில் நெருப்பும் வைகையும் அந்த வேலையைப் பார்த்தன என்கிறது புராணம். எரியாத ஏடு வென்றது, வெள்ளத்தை எதிர்த்து நீந்திய ஏடு வென்றது.

இவர்கள் எல்லாரையும்விடப் பெரிய பதிப்பாசிரியர் சிதம்பரத்துக் கரையான். ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபோது, மூவர் பாடிய தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. மூவரும் பாடியவை லட்சம் பதிகங்களுக்கும் மேல் என்று மரபு சொல்லும். எஞ்சியவை சுமார் எண்ணூறு பதிகங்கள். அரசன் கலங்கி நின்றபோது, இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றைச் செல்லரிக்கச் செய்தோம் என்ற பொருளில் அசரீரி எழுந்ததாகத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த ஒன்றையே நாம் இன்னும் முழுக்கப் படித்து முடிக்கவில்லை.

இதை உ.வே.சாமிநாதையர் கேட்டிருந்தால் நம்மை மன்னித்திருக்க மாட்டார். ஒரு பிரதியை இன்னொரு பிரதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஊர் ஊராக அலைந்து, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவர் அவர். கரிவலம்வந்தநல்லூருக்குப் போனபோது, ஏடுகளை நெருப்பில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அவர் காலத்தில் ஏடு அரிதாக இருந்தது. அது கிடைத்தால் கண் விழித்துப் படிக்க ஆள் இருந்தார். இன்று ஏடு மலிந்துவிட்டது, ஆள்தான் அரிது. செய்தி பெருகப் பெருக, அதைக் கவனிக்கும் கவனம் ஏழையாகிறது என்று ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1971இலேயே எழுதிவிட்டார். யூடியூபே இல்லாத காலத்தில் எழுதியது அது.

இந்த மாற்றத்தில் நமக்கு ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. பிடிஎஃபைக் கரையான் அரிக்காது, அதனால் கரையானின் வேலையும் நம் தலையில்தான் விழுந்திருக்கிறது. ஆனால் நாம் அழித்தால் எதுவும் அழிந்துவிடாது. பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கும் பணியை மதுரைத் திட்டம் 1998 முதல் செய்துவருகிறது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நூலகம் நிறுவனம் காக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களும் இதழ்களும் 1994இலிருந்து சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கின்றன. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். உங்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தமிழைக் காக்கும் பொறுப்பை உங்கள் 128 ஜிபி போனிடமிருந்து தாராளமாக இறக்கி வைக்கலாம்.

செய்முறை: ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். போகியாக இருந்தால் பொருத்தம், புகையும் வராது. ‘பிறகு பார்க்க’ பட்டியலைத் திறந்து மொத்தமாக அழியுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து, இது வேண்டும் இது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கக் கூடாது. தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால் ஆறாவதிலேயே ‘அட, இது நல்லா இருக்கே’ என்று பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். அழித்த பிறகு ஒரு வாரம் காத்திருங்கள். எதன் பெயர் தானாக நினைவுக்கு வருகிறதோ, அதை மட்டும் தேடிப் பாருங்கள். அதுதான் உங்களுக்கு வேண்டியிருந்தது. மற்றவற்றின் பெயர்கூட நினைவுக்கு வராது. புத்தகங்களுக்கும் இதே முறைதான், அழிப்பதற்குப் பதிலாகக் கிளை நூலகத்துக்கோ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ கொடுத்துவிடலாம். அவர் படிக்கவும் கூடும்.

பாடம் 9: “பார்த்தாச்சா?”

இவ்வளவையும் செய்துவிட்டு வெளியே வந்தால் கடைசிச் சோதனை காத்திருக்கும். திங்கட்கிழமை அலுவலகத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில், மின்சார ரயிலில் யாராவது கேட்பார்கள்: “என்ன, இன்னும் அதப் பாக்கலையா?” நாம் இத்தனை ஆண்டுகளாகப் பட்டியல் வைத்திருந்ததே இந்தக் கேள்விக்குப் பயந்துதான். பாதிப் பேர் ஒரு காட்சியைப் பார்ப்பதும், மதிப்புரையைப் படிப்பதும், வேகமாக ஓட்டுவதும் பார்ப்பதற்காக அல்ல, பார்த்தேன் என்று சொல்வதற்காக.

இதற்கு வழக்கமான பதில்கள் மூன்று. “லிஸ்ட்ல இருக்கு” என்பது தள்ளிப்போடும் பதில். “ரெண்டு எபிசோட் பாத்தேன், செட் ஆகல” என்பது பொய். “நான் இதெல்லாம் பாக்கறதில்ல” என்பது நட்பை முறிக்கும் பதில், அதற்குப் பிறகு அவர் உங்களிடம் எதைப் பற்றியும் பேச மாட்டார்.

கையேடு பரிந்துரைக்கும் பதில் நான்காவது: “பாக்கலையே. என்ன கதை, நீங்க சொல்லுங்க.”

சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள். எட்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, சொல்வதற்கு ஆள் கிடைக்காமல் இருந்தவர் அவர். அவரைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் ஏற்கெனவே பார்த்தவர்கள், அல்லது “ஸ்பாய்லர் சொல்லாதே” என்று காதைப் பொத்திக்கொள்பவர்கள். கேட்கத் தயாராக ஒருவர் கிடைத்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். கையை ஆட்டி, குரலை மாற்றி, வில்லன் யார் என்பதை மட்டும் கடைசி வரை ஒளித்துவைத்துச் சொல்வார். பத்து நிமிடத்தில் எட்டு மணி நேரத் தொடர் முடியும். உங்களுக்குக் கதையும் தெரிந்துவிடும், அவரையும் கொஞ்சம் தெரிந்துகொள்வீர்கள். தலைப்பில் சொன்னபடி முப்பது நாளில் முப்பது பேரிடம் கேட்டால் முப்பது தொடர்கள் முடிந்தன. சந்தாவும் மிச்சம்.

எச்சரிக்கை ஒன்று. ஆளைப் பார்த்துக் கேளுங்கள். ஒவ்வொரு குடும்பத்திலும், கதையை முதல் காட்சியிலிருந்து வசனத்தோடு சொல்லும் மச்சினர் ஒருவர் இருப்பார். நடுவில் பாதியை மறந்துவிட்டு, “இரு இரு, அதுக்கு முன்னாடி ஒண்ணு நடக்கும்” என்று திரும்பவும் பின்னால் போவார். அவரிடம் கேட்பதைவிடத் தொடரையே பார்த்துவிடுவது சீக்கிரம் முடியும். ஒன்றரை மடங்கு வேகத்தில் வைக்கிற பொத்தான் அவருக்குக் கிடையாது.